ஸெய்னுதீனின் வலது கை

கிண்ணியாவில் கராஜ் வைத்திருந்த ஸெய்னுதீனை நான் முதன்முதலில் பார்த்தபோது அவருடைய இடது காது பாதி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் திருகோணமலையில் தாதியாகச் சேர்ந்த புதிது. அவர் துறைமுகத்தில் இழுவைப் படகுகளைத் திருத்தும் ஒரு ஒப்பந்தக்காரரிடம் கையாளாக இருந்தார். வேலை பிந்தியது என்று மேற்பார்வையாளன் கன்னத்தில் அறைந்திருக்கிறான். இவர் கையிலிருந்த ஸ்பனரால் திருப்பி அடித்தார். அவனுக்கு முன்பற்கள் போயின, இவருக்குக் காது. அப்போதிக்கரி, எங்கள் உதவி வைத்தியர், தைக்கும்போது நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். மரக்கும் மருந்து வேலை செய்யும்வரை பொறுக்க அவருக்கு மனமில்லை. தையுங்கள், போகவேண்டும் என்றார்.

காதுக்கு அடுத்து வேலையும் போனது. ஆனால் அந்த இடத்தில் அவர் ஒன்றைக் கற்றுக்கொண்டு வெளியே வந்தார். பெரிய இழுவைப் படகின் சுக்கானை மனிதக் கை திருப்புவதில்லை. குழாய்க்குள் அடைபட்ட எண்ணெய் திருப்புகிறது. மாலுமி மேலே ஒரு சிறு வளையத்தைத் திருப்ப, கீழே எண்ணெய் தள்ள, இரும்புச் சுக்கான் அசைகிறது. எண்ணெய்க்குள் ஒரு குமிழி காற்று புகுந்தால் படகு சொல்வழி கேட்காது. குழாயில் மயிரளவு வெடிப்பு விழுந்தாலும் அப்படித்தான். இதை அவர் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டார்.

பிறகு வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனார்கள். ஸெய்னுதீன் கிண்ணியாவில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு, பஸ், லொறி, உழவு மெசின் என்று வந்ததையெல்லாம் திருத்தினார். கையும் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் தடவை அவர் தலை வெடித்து வந்தார். மனைவி ஸுல்பிகாவை அடிக்கக் கை ஓங்கியிருக்கிறார். அவள் நெல்லுக் குற்றிக்கொண்டிருந்த உலக்கையைத் திருப்பினாள். மயிரைச் சிரைத்து மருந்து கட்டும்போது எப்படி நடந்தது என்று கேட்டேன்.

"உலக்கை விழுந்த மிஸ்ஸி," என்றார்.

"மேல இருந்தா?"

"பக்கத்தால."

அவளும் கூடத்தான் வந்திருந்தாள். சிரிக்கவில்லை. இனிமேல் வீட்டில் எதுவும் விழாது என்று மட்டும் சொன்னாள். விழவுமில்லை. வீட்டில் அடங்கிய கை வெளியில் அடங்கவில்லை. கராஜில் அடிபட்டவர்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். சக்கரத்து நட்டை ஒழுங்காக இறுக்காத உதவியாள் ஒருவனுக்கு முழங்கை விலகியிருந்தது. அவர் நல்லவர் என்று சொல்ல இதை எழுதவில்லை. வேலையில் பிழை கண்டால் அவருக்குக் கண் தெரியாது.

எழுபத்தேழுக்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. ஜப்பான் லொறிகள் வரத் தொடங்கின. அவற்றில் சிலதுக்கு பவர் ஸ்டியரிங். என்ஜின் ஓடும்போது ஒரு பெல்ட் சிறிய பம்பைச் சுற்றும். பம்ப் எண்ணெயை அழுத்தி அனுப்பும். சாரதி எந்தப் பக்கம் திருப்புகிறானோ அந்தப் பக்கம் எண்ணெய் சக்கரத்தைத் தள்ளிக் கொடுக்கும். நிறைந்த லொறியை ஒரு விரலால் திருப்பலாம். பழைய லொறிகளில் தோள் இறங்க மல்லுக்கட்டிய சாரதிகளுக்கு இது சொர்க்கம். பழுதானால் மட்டும் யாரும் தொடப் பயந்தார்கள். ஸெய்னுதீன் பயப்படவில்லை. இழுவைப் படகின் சுக்கான் சிறுத்துச் சக்கரத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார்.

அவர் பழுது பார்க்கும் விதம் தனி. முதலில் எண்ணெய்ச் சட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பார். நுரைத்திருந்தால் காற்று. பால் நிறமென்றால் தண்ணீர். தீய்ந்த மணமென்றால் பம்ப் போய்க்கொண்டிருக்கிறது. திருப்பும்போது கீச்சென்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, பெருவிரலால் அழுத்திப் பார்த்தால் தெரியும். எங்கே கசிகிறது என்று தெரியாவிட்டால் குழாய்களை எல்லாம் துடைத்துக் காயவைத்து ஸுல்பிகாவின் முகப் பவுடரைத் தூவுவார். என்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால், கசிவு உள்ள இடத்தில் பவுடர் நனைந்து கறுக்கும். கல்யாண வீட்டுக்குப் போக வெளிக்கிட்டால் டப்பா வெறுமையாக இருக்குமென்று அவள் திட்டுவாள்.

எண்பதாம் ஆண்டு மாரி தொடங்கும் நேரம், உர மூட்டை ஏற்றும் ஒரு ஜப்பான் லொறி அவரிடம் வந்தது. சாரதி அஸீம், திருகோணமலை டவுனில் இருப்பவன், கொழும்பு ரோட்டில் ஓடுபவன், வாய்க்காரன். ஸ்டியரிங் ஒரு பக்கம் இறுகுகிறது என்றான். ஸெய்னுதீன் மூடியைத் திறந்து முகர்ந்தார். எண்ணெய் குறையக் குறைய அஸீம் பிரேக் ஒயில் ஊற்றி நிரப்பியிருக்கிறான். பிரேக் ஒயில் பட்டால் ஸ்டியரிங்கின் உள்ளே இருக்கும் றப்பர் வளையங்கள் ஊதிப் பழுதாகும். அவர் அஸீமின் பிடரியைப் பிடித்துப் பழைய எண்ணெய்த் தகரத்துக்குள் தலையை அமுக்கினார். ஆட்கள் வந்து பிரிக்கும்வரை விடவில்லை. அஸீமின் கண்ணை ஆஸ்பத்திரியில் நான்தான் கழுவினேன். முகம் முழுக்கக் கறுப்பு. நடுவில் இரண்டு சிவந்த கண்கள்.

இவனை ஒரு நாள் பார்த்துக்கொள்கிறேன் என்று அஸீம் கழுவக் கழுவச் சொன்னான். எல்லாரும் சொல்வதுதானே என்று நான் கணக்கில் எடுக்கவில்லை.

லொறியை ஸெய்னுதீன் ஒழுங்காகத் திருத்தினார். றப்பர் வளையங்களை மாற்றி, குழாய்களைக் கழுவி, முன்சக்கரங்களை நிலத்தை விட்டு உயர்த்தி, குமிழி வராமல் போகுமட்டும் இரு பக்கமும் திருப்பித் திருப்பி எண்ணெய் விட்டார். கொடுக்கும்போது ஒன்று சொல்லிக் கொடுத்தார். என்ஜின் நின்றால் இந்த ஸ்டியரிங் கல்லு. ஓடுகிற வண்டியில் என்ஜினை நிப்பாட்டாதே. அஸீம் தலையாட்டினான்.

இனி பாதையின் கதை. களப்பைக் கடக்க வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவையை நாங்கள் பாதை என்போம். மூதூருக்குப் போகும் வழியில் அப்போது சின்னதும் பெரியதுமாகச் சில பாதைகள் இருந்தன. அவற்றில் சிறிய ஒன்றில் கலீலுர் றஹ்மானும் அவன் தம்பி முஹம்மது தம்பியும் வேலை செய்தார்கள். சங்கிலியைக் கையால் இழுத்துத்தான் கரை சேர்ப்பது. கலீல் பெருத்த உடம்புக்காரன். அவன் சொன்னதுதான் அங்கே சட்டம்.

அவன் சட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. முன்னொரு காலம் ஒரு லொறிக்காரன் கியரில் இருந்ததைக் கவனிக்காமல் மிதவையின் மேல் வைத்தே என்ஜினை இயக்கினான். லொறி பாய்ந்து முன்னால் நின்ற இரண்டு பெண்களோடு தண்ணீருக்குள் போனது. கலீல்தான் மூழ்கி அவர்களின் மையித்துகளை எடுத்தான். அன்றிலிருந்து மிதவையில் எந்த வாகனத்தின் என்ஜினும் ஓடக்கூடாது. வண்டி ஏறியதும் கலீல் மிதிபலகையில் ஏறி, சாரதியின் ஜன்னலுக்குள் கையை விட்டு, என்ஜினை நிறுத்தும் குமிழைத் தானே இழுப்பான். அக்கரையில் பலகை இறக்கியதும் பயணிகள் பின்னால் தள்ளுவார்கள். வண்டி தானாக இறங்கி ரோட்டுக்கு உருளும். அதுவரை கலீல் மிதிபலகையை விட்டு இறங்கமாட்டான், குமிழை விட்டுக் கையை எடுக்கவுமாட்டான். பழைய லொறிகளுக்கு இதில் ஒரு குறையுமில்லை. அந்தச் சட்டம் போட்ட பிறகு அங்கே யாரும் சாகவில்லை.

பவர் ஸ்டியரிங் லொறி அதுவரை அந்தப் பாதையில் ஏறியதில்லை. அஸீம் உரம் ஏற்றிக்கொண்டு மூதூருக்குப் போனதுதான் முதல் தடவை.

மற்றதை அஸீமே பிறகு வார்டில் உடைந்த தாடையோடு எனக்குச் சொன்னான். மிதவையில் கலீல் குமிழுக்குக் கை நீட்டியபோது, என்ஜின் ஓடட்டும் காக்கா, இது வேறு மாதிரி ஸ்டியரிங் என்று இவன் அண்ணன் முறை வைத்துச் சொல்லியிருக்கிறான். கலீல் காதில் வாங்கவில்லை. கொழும்புக்கு ஓடினால் பெரிய ஆளா என்று கேட்டுவிட்டுக் குமிழை இழுத்தான். ஆட்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் அஸீம் வாயை மூடிக்கொண்டான்.

அக்கரையில் பலகை முடியும் இடத்தில் வண்டி உடனே இடப்பக்கம் திரும்பவேண்டும். நேரே போனால் சங்கிலி கட்டும் கொங்கிறீட் கட்டை. அதன் முன்னால் முஹம்மது தம்பி, சக்கரம் உருளாமல் முட்டுக் கொடுக்கும் மரக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வழமைபோல் நின்றான். ஆட்கள் தள்ள, லொறி இறங்கியது. அஸீம் ஸ்டியரிங்கைத் திருப்பினான். அது அசையவில்லை. இரண்டு காலையும் தட்டில் ஊன்றி எழும்பி, முழுப் பாரத்தையும் கொடுத்து இழுத்தான். கால் பிரேக்கில் இல்லை. நிறைந்த லொறி நேரே போனது. முஹம்மது தம்பி கட்டையைச் சக்கரத்துக்குக் கொடுக்கக் குனிந்த நிலையில், லொறியின் முன்னிரும்புக்கும் கொங்கிறீட்டுக்கும் இடையில் நெஞ்சோடு நசிந்தான். சத்தம் போட அவனுக்கு மூச்சு இருக்கவில்லை. மிதிபலகையில் நின்ற கலீலுக்குத் தம்பியின் முகம் கையெட்டும் தூரம்.

அஸீமை ஜன்னலால் இழுத்து எடுத்தார்கள். கையாலும் காலாலும் சங்கிலித் துண்டாலும் அடித்தார்கள். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது, விலா எலும்புகள் உள்ளே குத்தின. செத்துவிடுவேன் என்று தெரிந்தபோது அவன் வாயில் வந்தது ஒரு பெயர். ஸெய்னுதீன் திருத்தின ஸ்டியரிங், அது இறுகிப்போச்சு என்று கத்தினான். அடி நின்றது. ஏனென்றால் கலீல் கண்ணால் கண்டதும் அதுதான். ஸ்டியரிங் திரும்பவில்லை. ஒரு கிழமைக்கு முன்தான் திருத்தியிருக்கிறது. யார் கை திருத்தியதோ அந்தக் கையை உடைக்காமல் விடமாட்டேன் என்று தம்பியின் இரத்தத்தில் நின்று கலீல் சத்தியம் செய்தான்.

அன்று ஸெய்னுதீன் கிண்ணியாவில் இல்லை. தெற்கே வெருகலில் உழவு மெசின் ஒன்றைத் திருத்தப் போயிருந்தார். மையித்தை அடக்கிய பிறகு கலீலும் சொந்தக்காரரும் கராஜுக்கு வந்தார்கள். கொட்டிலைப் பிரித்தார்கள். ஸ்பனர் முதலான வேலை ஆயுதங்களை அள்ளிக் களப்பில் எறிந்தார்கள். மறித்த ஸுல்பிகாவைத் தள்ளியதில் அவள் தோள் இறங்கியது. அதை மற்றக் கையால் பிடித்தபடி அவள் டவுனுக்கு வந்து, அங்கிருந்து லோஞ்ச் ஏறி, கடலால் மூதூருக்குப் போனாள், வெருகலிலிருந்து வரும் புருசனை மறிப்பதற்கு.

மூதூர் இறங்குதுறையில் அவளைக் கண்டது நான். ஒரு நோயாளியின் புண்ணுக்கு மருந்து கட்ட வந்து சில நாள் அங்கே தங்கியிருந்தேன். கடைப் பலகையில் அவளைப் படுக்கவைத்து, கக்கத்தில் காலை ஊன்றி இழுத்துத் தோளை ஏற்றினேன். பல்லைக் கடித்தாள், அழவில்லை. அன்று பின்னேரத்துக்கு முன் ஸெய்னுதீன் வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கினார். அவள் நடந்ததை முழுக்கச் சொன்னாள். பாதையால் போகவேண்டாம், கலீல் அங்கேதான் நிற்கிறான், கையை உடைக்கச் சத்தியம் பண்ணியிருக்கிறான், லோஞ்சில் டவுனுக்குப் போவோம், பொலிசில் சொல்வோம் என்றாள்.

அவர் அவளுடைய தோளைப் பார்த்தார். பிறகு கேட்டது வேறு.

"லொறி எங்க நிக்கி?"

"இக்கரையிலதான். ரோட்டு ஓரத்துல."

"என்ஜினை ஆரும் தொட்டாங்களா?"

"நான் என்னத்தக் கண்டன்? ஒங்கட கை போகப் போகுது எண்டு சொல்றன், நீங்க என்ஜினைக் கேக்கிறீங்க."

"என்ட கை செஞ்ச வேலையில பிழை எண்டு சொல்றான். கை கிடக்கு. வேலை பிழையில்ல."

வானில் ஏறினார். ஸுல்பிகாவும் ஏறினாள். நானும் டவுனுக்குத் திரும்பவேண்டியவள், ஏறினேன்.

பாதைத் துறையில் லொறி உரத்தோடு அப்படியே நின்றது. ஆட்கள் அதைப் பின்னுக்குத் தள்ளி ரோட்டு ஓரத்தில் விட்டிருந்தார்கள். முன்னிரும்பில் காய்ந்த இரத்தத்தில் ஈ மொய்த்தது. கலீல் கொங்கிறீட் கட்டையடியில் குந்தியிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்தான். அவனோடு ஏழெட்டுப் பேர். கலீலின் கையில் அந்த மரக்கட்டை, தம்பியின் கையிலிருந்து விழுந்ததேதான்.

ஸெய்னுதீன் ஓடவில்லை, கும்பிடவுமில்லை. நேரே லொறிக்கு நடந்தார். முன்சக்கரத்துக்கு மேலே உள்ள மட்காட்டில் தன் வலது கையை விரித்து வைத்தார்.

"கை எண்டா இஞ்ச இருக்கு, கலீல். ஒளிக்கல்ல. முதல்ல நீ ஏறி இரி. ஸ்டியரிங்கைச் சுத்திப் பாரு. என்ட வேலை பிழையெண்டா இதுலயே வெச்சு ஒடை."

கூட்டத்தில் ஒருவன் அவருடைய முதுகில் குத்தினான். அவர் அசையவில்லை. கலீல் அவனைக் கையால் தடுத்து, மரக்கட்டையைக் கீழே போட்டுவிட்டு ஏறினான். ஸெய்னுதீன் இடது கையை ஜன்னலால் விட்டுச் சாவியைத் திருகினார். என்ஜின் பிடித்தது. திருப்பச் சொன்னார். கலீல் இரண்டு கையாலும் பிடித்து, முழுப் பலத்தோடு இழுத்தான். ஸ்டியரிங் தண்ணீரில் சுற்றுவதுபோல் சுற்றியது. பாரம் இல்லாததால் அவன் தோள் கதவில் போய் இடித்தது. முன்சக்கரங்கள் மணலை அரைத்துக்கொண்டு திரும்பின. இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான், ஒரு விரலால் திருப்பினான். கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது.

ஸெய்னுதீன் உள்ளே எட்டி, கலீல் வழமையாகச் செய்வதைச் செய்தார். குமிழை இழுத்தார். என்ஜின் நின்றது.

"இப்ப சுத்து."

கலீல் திருப்பினான். அசையவில்லை. எழும்பி நின்று இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. கால் இரண்டையும் ஊன்றினான். அஸீமும் அப்படித்தான் ஊன்றினான், அதை அவன் பக்கத்தில் நின்று பார்த்தவன். மூட்டை நெல்லைத் தோளில் தூக்கும் ஆள். ஸ்டியரிங் ஒரு அங்குலம் கொடுத்தது, பிறகு நின்றது.

ஸெய்னுதீனுக்கு அப்போது முகம் மலர்ந்திருந்தது. பழுது எங்கே என்று பிடித்துவிட்டால் அவருக்கு வரும் முகம் அது. பவுடர் நனைந்த இடத்தைக் காட்டும்போதும் அப்படித்தான் இருக்கும். யாரிடம் பேசுகிறோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

"என்ஜின் நிண்டா கல்லு. நான் அஸீமுக்குச் சொல்லித்தான் குடுத்தனான். அண்டைக்கு என்ஜினை நிப்பாட்டினது ஆரு?"

அங்கே நின்ற அவ்வளவு பேருக்கும் தெரியும். இவர் தெரியாமலா கேட்டார் என்று பிறகு நான் யோசித்தேன். தெரிந்துதான் கேட்டிருக்கிறார். ஆனால் ஒரு குழாயிடம் கேட்பதுபோல் கேட்டிருக்கிறார்.

கலீல் மெல்ல இறங்கினான். தன் உள்ளங்கையைப் பார்த்தான். குமிழ் இழுக்கும் கை. பிறகு குனிந்து கட்டையை எடுத்தான். ஸெய்னுதீனின் வலது கை இன்னும் மட்காட்டின் மேலேயே கிடந்தது. பந்தயம் முடிந்தது, வென்றாயிற்று என்று நினைத்தவர் கையை எடுக்க மறந்துவிட்டார். கட்டை ஒரு தடவைதான் இறங்கியது. தகரம் உள்ளே பதிந்தது. கையும் அதற்குள் பதிந்தது.

அவர் கத்தவில்லை, கத்தியது ஸுல்பிகா. அவள் கலீலின் கையிலிருந்த கட்டையைப் பறித்து, நான் ஏற்றிவிட்ட தோள் மறுபடி இறங்கும்படி, அவன் முதுகிலும் தலையிலும் போட்டாள். கலீல் திரும்பிப் பார்க்கவுமில்லை, தடுக்கவுமில்லை. நெற்றியால் இரத்தம் வடிய அப்படியே நின்றான். கூட்டத்தில் யாரும் கிட்ட வரவில்லை.

எனக்கு அதெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. கை நசிந்துபோயிருந்தது. நடுவிரலின் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வெள்ளையாக நின்றது. மேற்கையை இறுக்கிக் கட்டினேன். லொறிக்குள் கிடந்த மட்டையைப் பிளந்து அணை கொடுத்து, என் சேலைத் தலைப்பைக் கிழித்துச் சுற்றினேன். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. காலை உயர்த்தி வானில் படுக்கவைத்தேன். டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும். லோஞ்சுக்குத் திரும்ப நேரமில்லை. அந்தப் பாதையைத் தவிர வேறு வழியுமில்லை.

அங்கே பாதையை இழுக்க கலீலை விட்டால் ஆள் கிடையாது. அவனைக் கேட்கத் தேவை இருக்கவில்லை. அவன் போய்ச் சங்கிலியைப் பிடித்தான்.

வான் மிதவையில் ஏறியது. பழக்கம்போல் கலீல் மிதிபலகையில் ஏறினான். நெற்றி இரத்தம் அவன் கண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. வானோட்டி பயத்தில் தானே சாவிக்குக் கை கொண்டுபோனான்.

"நிப்பாட்டாத," என்றான் கலீல். "ஓடட்டும்."

"காக்கா, நீங்கதானே..."

"ஓடட்டும் எண்டு சொல்றன்."

வானுக்குப் பவர் ஸ்டியரிங் கிடையாது. பழைய வான். நிறுத்தினாலும் ஒன்றும் ஆகியிராது. படுத்திருந்த ஸெய்னுதீன் அதைச் சொல்ல வாயெடுத்தார். ஸுல்பிகா தன் நல்ல கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

டொக்டர் இரண்டு விரலை எடுத்தார். மற்ற இரண்டு விரலும் மடங்காமல் போயின. பெருவிரல் தப்பியது. எலும்பு பொருந்த மாக்கட்டுப் போட்ட கையோடு கொஞ்ச நாளில் அவர் நடமாடத் தொடங்கியதும் நேரே ஆண்கள் வார்டுக்குப் போனார். கடைசிக் கட்டிலில் அஸீம் தாடைக்குக் கம்பி கட்டிப் படுத்திருந்தான். நாங்கள் ஓடிப் போவதற்குள் மாக்கட்டால் அவன் தலையில் போட்டுவிட்டார். அஸீமுக்கு வீக்கம் மட்டும், மாக்கட்டுத்தான் வெடித்தது. திரும்ப நனைத்துச் சுற்றியது நான். ஏன் இப்படிச் செய்தீர்கள், அந்த விரல் ஒழுங்காகப் பொருந்தாமல் போகப்போகிறது என்று ஏசினேன்.

"பொய் சொன்னதுக்கு அடிக்கல்ல மிஸ்ஸி. சாகக் கிடந்தவன் என்னத்தையும் சொல்லுவான். குமிழை இழுக்க விட்டுட்டுச் சும்மா இருந்தான் பாருங்க, அதுக்கு."

பொலிஸ் வந்து கேட்டது. உயர்த்தி வைத்த ஜக் வழுக்கி லொறி கையில் இறங்கியது என்று எழுதக் கொடுத்தார். ஸுல்பிகா உண்மையைச் சொல்லச் சொன்னாள், அவளுக்குக் கலீலை மறியலில், கம்பிக்குப் பின்னால், பார்க்கவேண்டும். தோள் அவளுடையது, கோபத்துக்கு உரிமையும் இருந்தது. அவர் கேட்கவில்லை. கோட்டில் நீதவான் முன்னால் ஏறி, கையை எடுக்க மறந்துபோனேன் என்று தன் வாயால் சொல்ல ஏலாது என்றார். இரக்கம் என்று சிலர் பிறகு கதைத்தார்கள். என்னிடம் அவர் சொன்ன காரணம் இதுதான். வேறு காரணம் இருந்தால் அது எனக்குத் தெரியாது.

ஒரு மாரி போய் மறு மாரி வருமுன் கொட்டில் மறுபடி எழும்பியது. களப்பில் முக்குளித்துச் சில ஆயுதங்களை ஆட்கள் எடுத்துக் கொடுத்தார்கள். உப்பு தின்றவை போக மிச்சத்தை அவர் எண்ணெயில் ஊறவைத்தார். இடது கையால் ஸ்பனர் பிடிக்கப் பழகினார். வலது கைக்கு மிஞ்சிய பெருவிரலால் பெல்ட்டை அழுத்திப் பார்ப்பார். யாருக்காவது அடிக்கக் கை எழும்பும். எழும்பியது இடது கை, குறி தவறும். அடிபட வேண்டியவன் அதற்குள் ஓடிவிடுவான். அதனால் ஆஸ்பத்திரிக்கு வரும் ஆட்கள் குறைந்தார்கள்.

எண்பத்திரண்டில் ஒரு தடவை மூதூருக்குப் போக அதே பாதையில் நின்றேன். முன்னால் ஒரு ஜப்பான் லொறி. திருத்தி முடித்ததை ஓட்டிப் பார்க்க ஸெய்னுதீனே சாரதி ஆசனத்தில் இருந்தார். கலீல் மிதிபலகையில் ஏறினான். நெற்றியில் ஸுல்பிகா போட்ட தழும்பு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கலீல் ஜன்னலுக்குள் கையை விடவில்லை. என்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். அது அதிர்கிறதா என்று பார்ப்பதற்கு. அக்கரை வரும்வரை கையை எடுக்கவில்லை. பலகை இறங்கியதும் பின்னால் தள்ள வந்த ஆட்களை விலகச் சொன்னான். கொங்கிறீட் கட்டையடியில் யாரும் நிற்கவில்லை. அங்கே ஆள் நிற்கக்கூடாது என்பதும் இப்போது அவன் சட்டம்.

ஸெய்னுதீன் இடது கையால் ஸ்டியரிங்கைத் திருப்பினார். லொறி இடப்பக்கம் வளைந்து ரோட்டில் ஏறியது. ரோட்டில் சக்கரம் பட்ட பிறகுதான் கலீல் மூடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு குதித்தான்.